கரைக்கு யார் வருவார்?



மழை பொய்த்தது, பயிர் கருகியது என்று இரண்டே பேச்சில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டமும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது. மறுக்கவில்லை. ஆனால் அந்த வருஷமும் நம் சிவகங்கைச் சீமையில் வரப்புக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு பச்சையாக நின்றது. இந்தப் பக்கம் நெல் சாவியாகப் போனது. வரப்பைப் பார்த்தா மழை பெய்தது?

போர் போட்டவன் பிழைத்தான், ஐயா! முன்பெல்லாம் கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் கிணறு ஊறும். அதனால் பத்து ஏக்கர்காரரும் அரை ஏக்கர்காரரும் கரைக்கு வந்தாக வேண்டும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வெட்டியாக வேண்டும். அதைத்தான் குடிமராமத்து என்றோம். பிறகு டீசல் இஞ்சின் வந்தது, கரண்டு மோட்டார் வந்தது, 1990இல் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசமானது, 800 அடிக்குக் குழாய் இறங்கியது. பத்து ஏக்கர்காரருக்குக் கண்மாய் வேண்டாததாகிவிட்டது. ஊர்க்கூட்டத்தில் எடுபடுவது அவர் பேச்சுதானே? அவர் வரவில்லை, கரையில் சீமைக்கருவேலம் வந்தது.

இலவச மின்சாரத்தைப் பிடுங்கச் சொன்னேன் என்று நாளைக்கு எவராவது திரித்தால் நம்பாதீர்கள். அது போனால் முதலில் சாகிறவன் சின்ன விவசாயி.

பழைய காலத்தை நினைத்து ஒப்பாரி வைக்கவும் நான் வரவில்லை. மடை திறந்த நீர்பாய்ச்சி எந்தத் தெருக்காரர்? உங்களுக்கே தெரியும். வெள்ளத்தில் முங்கி மடைக்கல்லைத் தூக்கியவருக்குக் களத்தில் கிடைத்தது மிச்ச நெல். அவர் பிள்ளை திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். போனது நியாயம்! மடை திறக்கும் வேலைக்கு மாதச் சம்பளம் போட்டு, யார் வேண்டுமானாலும் செய்யும் வேலையாக்க நமக்கு மனம் வந்ததா? ஆள் கிடைக்கவில்லை என்று திண்ணையில் உட்கார்ந்து புலம்பினோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வரத்துக்கால் வெட்டுகிறோம். வெட்டுகிறவருக்குக் கூலி உண்டு. செலவு போர்க்காரர்கள் தலையில்: 5 எச்பி மோட்டாருக்கு ஒரு பங்கு, 10 எச்பிக்கு இரண்டு. நீர்பாய்ச்சி சம்பளமும் அதே கணக்கில்தான். முகம் சுளிக்கிறவர்களே, எனக்கும் ஒரு போர் இருக்கிறது, ஏழரை எச்பி. ஒன்றரைப் பங்குப் பணத்தை இதோ இந்த மேசையில் வைக்கிறேன். அடுத்தது யார்?