எழுத்தில் வரும் பதிலை எழுத்தெண்ணிப் படியுங்கள்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாடாளுமன்றம் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? கூச்சல், வெளிநடப்பு, ஒத்திவைப்பு. மறுநாள் பத்திரிகையிலும் அதுதான் கொட்டை எழுத்தில் வருகிறது. ஆனால் அவை அமளியில் முடிந்த நாளிலும் ஒரு வேலை ஓசையில்லாமல் நடந்துவிடுகிறது. உறுப்பினர்கள் எழுத்தில் கேட்ட கேள்விகளுக்கு அமைச்சர்கள் எழுத்தில் தந்த பதில்கள் அவையில் வைக்கப்பட்டு, பதிவேட்டில் ஏறிவிடுகின்றன.

மக்களவை கூடும் ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. இவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரக் குறி இல்லாதவை 230 வரை. இவற்றுக்கு எழுத்தில் மட்டுமே பதில். மாநிலங்களவையில் இந்தக் கணக்கு 15, 160. ஒரு கூட்டத்தொடர் முடிவதற்குள் எத்தனை ஆயிரம் பதில்கள் சேரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ரயில்வேயிலிருந்து வக்ஃபு வரை, ஜவுளி ஏற்றுமதியிலிருந்து கல்வி உதவித்தொகை வரை அரசு தன் வாயால் ஒப்புக்கொண்ட கணக்குகள் அவற்றில் இருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் அவற்றில் ஒன்றையாவது முழுமையாகப் படித்திருக்கிறோம்?

முதல் கேள்வியே கடைக்காரர்களுக்காக!

இந்த உரிமை வெள்ளையர் ஆட்சியில் பிறந்தது. 1892-ம் ஆண்டு இந்திய கவுன்சில்கள் சட்டம்தான் சட்டசபை உறுப்பினர்களுக்கு முதன்முதலாகக் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தது. அதன்படி 1893 பிப்ரவரி 16 அன்று முதல் கேள்வியை எழுப்பியவர் பிங்கா அரசர். கேள்வி எதைப் பற்றி? அரசு அதிகாரிகள் சுற்றுப்பயணம் வந்து முகாம் போடும்போது, அவர்களுக்குச் சாமான்கள் கொடுத்தாக வேண்டிய கிராமத்துக் கடைக்காரர்கள் படும் துன்பத்தைப் பற்றி!

வணிகப் பெருமக்களே, எண்ணிப் பாருங்கள். இந்த நாட்டின் மன்றத்தில் எழுந்த முதல் கேள்வியே மளிகைக் கடைக்காரரின் வயிற்றெரிச்சல்தான். அன்று கேள்வி மட்டும்தான் கேட்கலாம். துணைக் கேள்விக்கு வழியில்லை. 1909-ல் கேள்வி கேட்டவருக்கு மட்டும் துணைக் கேள்வி உரிமை வந்தது. 1919 சட்டத்திற்குப் பிறகு அது எல்லா உறுப்பினர்களுக்கும் விரிந்தது. படிப்படியாகப் போராடிப் பெற்ற உரிமை இது.

ஒரு கேள்வி என்ன செய்யும்?

சுதந்திர இந்தியாவிலிருந்து ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. மறு ஆண்டே அந்தக் கழகத்தின் பணம், அதாவது சாதாரண மக்கள் கட்டிய பிரீமியத் தொகை, ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் 6 கம்பெனிகளின் பங்குகளில் கொட்டப்பட்டது. தொகை சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு கோடி!

1957 செப்டம்பரில் ராம் சுபக் சிங் என்ற ஆளுங்கட்சி உறுப்பினர் மக்களவையில் இதைப் பற்றிக் கேட்டார். பிடி கொடுக்காத பதில் வந்தது. கேள்விகள் விடவில்லை. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி ஆதாரங்களை அடுக்கிப் பேசினார். அவரும் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன்! விசாரணைக் கமிஷன் அமைந்தது. விசாரித்தவர் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா. பொதுமக்கள் முன்னிலையிலேயே விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர், நம் தமிழகத்தைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, பதவி விலகினார்.

இத்தனைக்கும் தொடக்கம் என்ன? ஊர்வலமா? கடையடைப்பா? "இந்தக் கம்பெனிகளின் பங்குகளைக் கழகம் வாங்கியதா, இல்லையா?" என்ற ஒரு கேள்வி.

வதந்திக்கு அரசின் பதில்

நம்மைத் தொட்ட ஒரு பதிலைப் பார்ப்போம். "லவ் ஜிஹாத்" என்ற சொல்லை வைத்து ஊரெங்கும் பழி பரப்பினார்கள். கேரள உறுப்பினர் பென்னி பெஹனான் மக்களவையில் இதைக் கேள்வியாக்கினார். 2020 பிப்ரவரி 4 அன்று உள்துறை இணையமைச்சர் கிஷன் ரெட்டி எழுத்தில் தந்த பதில் என்ன? அந்தச் சொல் நடைமுறையில் உள்ள சட்டங்களில் வரையறுக்கப்படவில்லை. அப்படி ஒரு வழக்கு எதுவும் மத்திய விசாரணை அமைப்புகளால் தெரிவிக்கப்படவில்லை.

நூறு மேடைகளில் நாம் மறுத்தாலும் "அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்" என்று ஒதுக்கிவிடுவார்கள். அரசே எழுதிக் கையெழுத்திட்டுச் சொன்னதை எப்படி ஒதுக்குவது? ஒரு கேள்வியால் கிடைத்த சான்று அது.

ஆனால், இளைஞர்களே, பதிலைச் சரியாகப் படிக்கவும் வேண்டும். 2021 பிப்ரவரியில் மாநிலங்களவையில் ஒரு கணக்குத் தந்தார்கள். 2016 முதல் 2019 வரை உபா சட்டத்தில் கைதானவர்கள் 5,922 பேர். தண்டிக்கப்பட்டவர்கள் 132 பேர். உடனே "மீதிப்பேர் நிரபராதிகள் என்று அரசே ஒப்புக்கொண்டது" என்று துண்டுப்பிரசுரம் போட்டால் அது தவறு. பல வழக்குகள் விசாரணையில் இருக்கும். அந்த ஆண்டில் தண்டனை பெற்றவர் அதற்கு முன்பே கைதானவராக இருக்கலாம். எதிரி நம் ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது உண்மைகளை மறைத்துவிடுவான். நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி வேறு: விசாரணை முடியாமல் சிறையில் இருப்பவர் எத்தனை பேர்? எத்தனை ஆண்டுகளாக?

நழுவும் வழிகள்

அமைச்சகங்களுக்கும் நழுவத் தெரியும். உறுப்பினர் (அ), (ஆ), (இ), (ஈ) என்று நான்கு பகுதியாகக் கேட்பார். பதில் "(அ) முதல் (ஈ) வரை" என்று ஒரே மூட்டையாக வரும். மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் மூன்றுக்குப் பதில் இருக்கும். முக்கியமான நான்காவதற்கு இருக்காது.

இன்னொரு வழி, "அத்தகைய விவரம் பராமரிக்கப்படவில்லை" என்பது. 2020 ஊரடங்கில் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள், வழியிலேயே மாண்டார்கள். நாடே பார்த்தது. செப்டம்பர் 14 அன்று மக்களவையில் தொழிலாளர் அமைச்சகம் தந்த பதில்: இறந்தவர்கள் பற்றிய விவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை! கணக்கு இல்லை, அதனால் கடன் இல்லை என்று எந்த வணிகராவது சொல்ல முடியுமா?

மூன்றாவது வழி, பொறுப்பை மாநிலத்தின் தலையில் வைப்பது. கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் பற்றி மாநிலங்களவையில் கேட்கப்பட்டது. 2021 ஜூலை 20 அன்று வந்த பதிலில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று இருந்தது. "யாரும் சாகவில்லை" என்று அது சொல்லவில்லை. "எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை" என்று சொன்னது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! எழுத்தெண்ணிப் படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு பதில், அடுத்த கேள்வி

சச்சார் குழு அறிக்கைக்குப் பின் 2009-ல் மௌலானா ஆசாத் பெயரில் ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. சிறுபான்மைச் சமுதாயப் பிள்ளைகள் பலர் அதை நம்பி முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார்கள். அந்தத் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்படுகிறது என்று நாடு அறிந்தது எப்படி? 2022 டிசம்பர் 8 அன்று, கேரள உறுப்பினர் டி.என். பிரதாபன் கேட்ட கேள்விக்கு அமைச்சர் ஸ்மிருதி இரானி மக்களவையில் தந்த பதிலில்! காரணம், வேறு பல உதவித்தொகைத் திட்டங்களோடு இது ஒன்றன்மேல் ஒன்றாக அமைகிறதாம்.

சரி, அதை வைத்தே அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டாமா? அந்த வேறு திட்டங்களில் சிறுபான்மை மாணவர்கள் ஆண்டுதோறும் எத்தனை பேர்? பழைய திட்டத்தில் பயன்பெற்ற எண்ணிக்கைக்கு அது ஈடாகிறதா? கண்டனக் கூட்டம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டம் கலைந்த பிறகும் இந்தக் கேள்வி நிற்க வேண்டும். ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்கு விதை.

கேள்வி எழுதும் முறை

நாடாளுமன்ற உறுப்பினரிடம் நாம் மனு கொடுக்கிறோம். பத்துப் பக்கம் குமுறலைக் கொட்டுகிறோம். அவர் வாங்கி வைத்துக்கொள்வார். அதைக் கேள்வியாக மாற்ற முடியாது. ஏன்? விதி அப்படி. கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். அதில் வாதம் கூடாது, கிண்டல் கூடாது, குற்றச்சாட்டு கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடக் கூடாது. முழுதாக 15 நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். மக்களவையில் ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்கு 5 கேள்விகள்தான் தர முடியும். அதற்கும் குலுக்கல் உண்டு.

ஆகவே நாமே கேள்வியாக எழுதிக் கொடுப்போம். ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஏற்றுமதியாளர் ஒருவருக்கு ஜி.எஸ்.டி. பணம் திரும்பி வரவில்லை என்று வையுங்கள். "சிறு வணிகர்களை ஏன் நசுக்குகிறீர்கள்?" என்று எழுதினால் அது குப்பைக்கூடைக்குப் போகும். சட்டம் என்ன சொல்கிறது? விண்ணப்பம் முறையாகக் கிடைத்த 60 நாளுக்குள் முடிவு எடுக்க வேண்டும். தாண்டினால் 6 சதவீத வட்டி தர வேண்டும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: (அ) கடந்த 3 ஆண்டுகளில் தோல் பொருள் ஏற்றுமதியாளர்கள் தந்த திருப்பித்தரல் விண்ணப்பங்கள், மாநில வாரியாக எத்தனை? (ஆ) 60 நாளைத் தாண்டி நிலுவையில் உள்ளவை எத்தனை, தொகை எவ்வளவு? (இ) தாமதத்திற்கு வட்டி வழங்கப்பட்டது எத்தனை பேருக்கு? இதில் கோபம் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் தப்பிக்கவும் வழியில்லை.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். ரேஷன் கடை, காவல் நிலையம், நகராட்சி உரிமம் போன்றவை மாநிலத்தின் பொறுப்பு. அவற்றைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டு போங்கள். டெல்லிக்கு அனுப்பினால் "இது மாநிலப் பொருள்" என்று திரும்பி வரும். ஒரு வாய்ப்பு வீணாகும்.

வாக்குறுதி கொடுத்தால் விடாதீர்கள்

"விவரம் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்றும், "பரிசீலனையில் உள்ளது" என்றும் பதில் வந்தால் சோர்ந்து விடுகிறோம். உண்மையில் அது நம் கையில் கிடைத்த பிடி. அத்தகைய சொற்கள் அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். 3 மாதத்திற்குள் அதை நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றினார்களா என்று பார்ப்பதற்கென்றே மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாநிலங்களவையில் 1972 முதல் உண்டு. பதில் தவறு என்று ஆதாரம் இருந்தால், சபாநாயகரின் நெறிமுறைகளில் 115-வதன்படி உறுப்பினர் அதைச் சுட்டிக்காட்டலாம். பதில் போதாது என்றால் அரைமணி நேர விவாதம் கேட்கலாம். நம் உறுப்பினருக்கு இவற்றை நினைவூட்டுவது யார் வேலை? நம் வேலைதான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2005-ல் கேள்வி கேட்பதற்குப் பணம் வாங்கிய உறுப்பினர்களை ஒரு ரகசியக் கேமரா காட்டிக்கொடுத்தது. அந்த டிசம்பரிலேயே 11 பேர் பதவி பறிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். எனவே வணிகர்கள் கேள்வியோடு கவர் எதையும் சேர்க்க வேண்டாம். கேள்வி வாக்காளரின் உரிமை. விலை பேசினால் உரிமையும் போகும், மானமும் போகும்.

2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள். அமைச்சர் எழுந்து பதில் சொல்லும் நேரம் போயிற்று. அப்போதும் எழுத்துக் கேள்வியும் எழுத்துப் பதிலும் நிற்கவில்லை. கூட்டத்தொடர் நடக்கும்போது, ஒவ்வொரு ஊரிலும் படித்த இளைஞர்கள் நான்கு பேர் வாரம் ஒருநாள் உட்காருங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் பதில்கள் அப்படியே கிடைக்கின்றன, காசு இல்லை. கல்வி, சிறுபான்மை நலம், நிதி, வர்த்தகம் என ஆளுக்கு ஓர் அமைச்சகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நம் ஊரைத் தொடும் பதிலை எடுத்து எழுதி, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் வணிகர் சங்கத்திலும் ஒட்டுங்கள். தேதியையும் கேள்வி எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். கடைக்காரர்கள் தங்கள் குறையைத் தேதி, தொகை, விண்ணப்ப எண்ணோடு இளைஞர்களிடம் கொடுங்கள். அதை 150 சொல்லுக்குள் சுருக்கி உறுப்பினரிடம் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு.

அடுத்த கூட்டத்தொடருக்கு இந்த ஊரிலிருந்து 5 கேள்விகளாவது போக வேண்டும். பதில் வந்ததும் அதே பலகையில் ஒட்டுங்கள். உறுதிமொழி என்றால் 3 மாதம் கழித்து வரும் தேதியைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அந்தத் தேதி வந்ததும் மறுபடி எழுதுங்கள்.