நாகை ரயில் பணிமனை: மதிலுக்குள் யார் இருந்தார்கள்?

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நாகையின் பாரம்பரியம் என்றால் நாகூர் தர்கா, சூடாமணி விகாரை, டச்சுக் கல்லறை என்று அடுக்குவார்கள். இங்கிருந்த ரயில் பணிமனையை யாரும் சேர்ப்பதில்லை. தொழிலாளி வேலை பார்த்த இடத்தை நாம் வரலாறாக எண்ணிப் பழகவில்லை.

1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. துறைமுகத்தை நெல் விளையும் உள்நாட்டோடு இணைத்த பாதை அது. 1874இல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு இந்த ஊரில் முக்கியமான பணிமனை இருந்தது.

இதை டெல்டாவின் சேரியிலிருந்து பாருங்கள். பண்ணையில் கூலியை நெல்லாக அளந்து போட்டார்கள். பணிமனையில் சங்கு ஊதினால் வேலை தொடங்கும், மறுபடி ஊதினால் முடியும். கூலி காசாக வரும். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1952இல். ரயில் வந்து 91 ஆண்டுகள் கழித்து!

அப்படியானால் ரயில் சாதியை உடைத்ததா? ரயில் பணிமனை என்பது வார்ப்படம், கொல்லுப்பட்டறை, கடைசல், தச்சு எனத் தனித்தனிக் கொட்டகைகள். எந்தக் கொட்டகைக்குள் யார் நுழையலாம் என்பதைத் திறமை மட்டும் முடிவு செய்யவில்லை. 1938இல் மன்மாடில் ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர்களிடம் பேசிய அம்பேத்கர் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: நம் ஆட்கள் தண்டவாளத்தில் கேங்மேன்களாகவே நிறுத்தப்படுகிறார்கள், பணிமனை மெக்கானிக் வேலைக்கு அவர்களைக் காண்பதே அரிது. பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டுமே தொழிலாளியின் எதிரிகள் என்று அவர் சொன்னதும் அதே மேடையில்தான்.

1928இல் கம்பெனி பணிமனையைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றியது. கூடவே ஆட்குறைப்பும் வந்தது. அந்த ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர், மீனவ சமூகத்தில் பிறந்த சிங்காரவேலர். 1923இல் சென்னையில் மே நாள் கொண்டாடியவர். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். அரசு அவரைச் சிறையில் அடைத்து வேலைநிறுத்தத்தை நசுக்கியது.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. தண்டவாளத்தில் விழும் மலத்தைக் கையால் அள்ளும் வேலைக்குக் காலக்கெடு வைத்து முடிவு கட்டுமாறு ரயில்வேயிடம் உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு எந்தச் சாதியிலிருந்து ஆள் எடுத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் பழைய தொழிற்கூடங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். செங்கல்லையும் கூரையையும் படம் எடுங்கள். அதோடு ஆள் பதிவேட்டையும் தேடுங்கள். கடைசல் எந்திரத்தின் முன் நின்றது யார், கரி சுமந்தது யார், கக்கூஸ் கழுவியது யார் என்று கேளுங்கள். தாத்தா ரயில்வேயில் இருந்தார் என்று சொல்லும் வீடுகள் நாகையில் இன்றும் உண்டு. அக்ரகாரத்துக் கதையைப் போலவே சேரியின் கதையையும் எழுதி வாங்குங்கள். அதைச் செய்யாமல் கட்டடத்தை மட்டும் காப்பாற்றினால், உள்ளே இருந்த சாதிச் சுவரையும் சேர்த்தே காப்பாற்றியதாக ஆகும்.

ஜெய்பீம்.