தொலைவிலிருந்து கற்றலும் ஜமாஅத்தின் பொறுப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கல்லூரிகளில் பாடம் நடத்தும் எங்களைக் கல்வி பற்றிப் பேசப் பணித்தீர்கள். அல்ஹம்துலில்லாஹ். நம் வீடுகளில் இன்று அடிக்கடி எழும் ஒரு வினாவையே எடுத்துக்கொள்கிறோம். வீட்டிலிருந்தபடி கைப்பேசி வழியே படிக்கும் படிப்பு உண்மையில் படிப்பாகுமா?

2020 மார்ச் 17 அன்று தமிழகத்தில் கல்லூரிகள் மூடப்பட்டன. இடையில் சில வாரங்கள் திறந்திருந்தது போக, 2021 செப்டம்பர் 1 வரை பாடங்கள் பெரும்பாலும் இணையத்திலேயே நடந்தன. அந்நாள்களை நினைத்து, "அது வீண்" என்று கூறுவோர் நம்மிடையே பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. தொலைவு நம்மைத் தோற்கடிக்கவில்லை. மறுமொழி இல்லாத போதனையே தோற்றது.

தொலைவிலிருந்து கற்பது இக்கடற்கரைக்குப் புதிதன்று. நம் முன்னோரில் ஆண்கள் இலங்கைக்கும் அதற்கு அப்பாலும் கடல் கடந்து வணிகம் செய்தார்கள். பெண்கள் வீட்டிலிருந்தபடியே மார்க்க அறிவைப் பெற்றார்கள். அதற்குத் துணைநின்றது அரபுத்தமிழ். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்கள் மார்க்கச் சட்டங்களை அரபுத்தமிழில் நூலாக்கித் தந்தார்கள். ஆயினும், நூல் மட்டும் தனித்து அப்பணியைச் செய்துவிடவில்லை. பெண்கள் தைக்காக்களில் மூத்த பெண்மணிகள் ஓதிக்கொடுத்தார்கள். திரும்ப ஓதச் சொல்லிக் கேட்டார்கள். பிழையிருந்தால் அங்கேயே திருத்தினார்கள்.

இதே உண்மையை முத்துக்குளித்தலிலும் காணலாம். மன்னார் வளைகுடாவில் 1955 முதல் 1961 வரை பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் அத்தகைய குளிப்பு நடைபெறவில்லை. மூழ்குபவர் கல்லின் பாரத்தால் அடிக்கடலுக்கு இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அவருக்கு மூழ்கியவரின் முகம் தெரியாது. கயிற்றின் அசைவு மட்டுமே தெரியும். அது அசைந்தவுடன் இழுத்தாக வேண்டும். ஆகவேதான் மூழ்குபவரின் மைத்துனரைக் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று இக்கடற்கரையில் சொல்வதுண்டு. தன் சகோதரியின் வாழ்வு அக்கயிற்றில் இருக்கிறது என்பதை அறிந்தவரல்லவா அவர்!

இணைய வகுப்பிலும் ஆசிரியருக்கு மாணவரின் முகம் தெரிவதில்லை. ஒரு மணி நேரம் இடைவிடாது பேசி முடிப்பவர், கயிற்றைத் தோணியில் கட்டிவைத்துவிட்டுக் கரையைப் பார்த்திருப்பவருக்கு ஒப்பாவார்.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை அமெரிக்க அறிஞர்கள் 2014இல் தொகுத்து நோக்கினார்கள். விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேர் தவறினர். வினாவும் விவாதமும் பயிற்சியும் கலந்த வகுப்புகளில் ஏறத்தாழ 22 பேரே தவறினர். அதே ஆண்டில், இணையப் பாடக் காணொளிகள் 69 இலட்சம் முறை பார்க்கப்பட்டதை ஆராய்ந்த மற்றொரு குழு, காணொளி எவ்வளவு நீண்டதாயினும் மாணவர் பொதுவாக 6 நிமிடங்களுக்கு மேல் ஊன்றிப் பார்ப்பதில்லை என்று கண்டது.

எனவே, ஆசிரியர்கள் செய்ய வேண்டியது தெளிவு. பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல். ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் ஒரு வினா கேட்டல். எழுதி அனுப்பியதை அவ்வாரத்திலேயே திருத்தித் திருப்புதல். இரு வகுப்புகளுக்கு வராதவரைத் தேடிப் பேசுதல். கேட்பவர் விளங்கிக்கொள்ளும் பொருட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் சொல்லை மும்முறை கூறுவார்கள் என்று ஹதீஸ்களில் காண்கிறோம். கற்பவரின் விளக்கமே அளவுகோல் என்பதை அதிலிருந்து அறிகிறோம்.

ஆசிரியரின் பங்கு இவ்வளவு. இனி நம் பங்கு என்ன?

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இணைய வசதியை இலவசமாக அளிக்கும் திட்டத்தை அறிவித்தது. நற்பணிதான். ஆனால் ஒரே கைப்பேசியை மூவர் பங்கிடும் வீட்டில், யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு அரசு விடை தர இயலாது. அங்கே பெரும்பாலும் மகனுக்கே கைப்பேசி கிடைக்கிறது. மகளுக்கு அடுப்படி வேலை கிடைக்கிறது.

நோய்த்தொற்றுக் காலம் கடந்தும் தொலைவழிக் கற்றல் மறையவில்லை. 2017இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தில் கல்லூரிப் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம்; சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இத்தளம் வழியே படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வழிவகுத்தது. திருமணத்தால் படிப்பை இடையில் நிறுத்திய பெண்மக்களும், குடும்பச் சுமையால் கடைக்கும் துறைமுக வேலைக்கும் வெளிநாட்டுக்கும் சென்ற இளைஞர்களும் மீண்டும் கல்வியைத் தொட இத்தகைய தொலைவழிப் படிப்பே எஞ்சிய வாசல்.

ஆகவே ஜமாஅத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, மதரஸா கட்டடத்தில் ஓர் அறை. சில கணினிகளும் இணைய இணைப்பும் அமைதியும் போதும். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, தொலைவழியில் படிக்கும் ஒவ்வொருவருக்கும் கயிறு பிடிக்கும் ஒருவர். நம்மில் பட்டம் பெற்றவர்கள் வாரம் ஒருமுறை, "இந்த வாரம் என்ன படித்தாய்? எங்கே விளங்கவில்லை?" என்று கேட்டால் போதும். படிப்பை விடுபவர்களில் பலர் அறிவுக் குறைவால் விடுவதில்லை. கேட்பார் இல்லாமையால் விடுகிறார்கள்.

மூன்றாவது, நிகாஹ் பேசும்போது, மணமகள் படித்துக்கொண்டிருப்பவராயின், அவர் படிப்பை முடிக்க இரு வீட்டாரும் இசைய வேண்டும். பதிவேட்டில் கையெழுத்திடும் முன் நம் பெரியோர்கள் இதை ஒரு வார்த்தை நினைவூட்டினால், அந்த ஒரு வார்த்தை ஒரு பட்டத்தைக் காப்பாற்றும்.

இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. முதல் வஹீயே ஓதுமாறு பணித்த மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இது சுமையாகவும் தோன்றாது. அடுத்த ஆண்டறிக்கையில், படிப்பை மீண்டும் தொடர்ந்தோர் எத்தனை பேர் என்ற கணக்கும் வரவு செலவுக் கணக்கின் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும் என்பது நம் விருப்பம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதற்குத் துணைநிற்கும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.