பாலத்தைத் தட்டிப் பார்த்தல்

சந்தையில் மண்பானை வாங்கும்போது என் பாட்டியார் அதனை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. ஒலி மழுங்கினால் கீறல் உண்டு. கான்கிரீட் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளரும் சிறு சுத்தியலால் இவ்வாறே தட்டிக்கொண்டு செல்வர். உள்ளிருக்கும் கம்பி துருவேறினால், அத்துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்து, மேலுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. ஆங்கே ஒலி மாறும். ஆனால், மாணவ நேயர்களே, ஒலி மாறும்போது நோய் முற்றிவிட்டது!

முன்னதாகவே அறிவது எங்ஙனம்? கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்போ கரியமில வாயுவோ உட்புகுந்தால் அப்படலம் அழிந்து, மின்வேதி மாற்றம் தொடங்குகிறது. மயில்துத்தக் கரைசலில் செம்புக்கோல் நிறுத்திய சிறு கலத்தை ஈரப்படுத்திய பரப்பின்மேல் வைத்து, வோல்ட்மானியின் மறுமுனையைக் கம்பியுடன் இணைப்பர். மானி காட்டும் எதிர்க்குறி அளவு 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், துருப்பிடிப்பதற்கு நூற்றுக்கு 90 பங்கு வாய்ப்புண்டு. கம்பியைத் தொடுவதற்கு ஓரிடத்தில் துளையிட்டே ஆகவேண்டும். ஆதலின் ‘சிதைக்காத சோதனை’ என்னும் பெயர் முற்றும் பொருந்தாது என்பேன்.

இம்முறைக்கும் எட்டாத இடம் உண்டு. வேல்ஸ் நாட்டில் 1953-இல் கட்டப்பெற்ற இனிஸ்-இ-குவாஸ் பாலம், 1985 டிசம்பரில் முன்னறிகுறி எதுவுமின்றி இற்று வீழ்ந்தது. தனித்தனித் துண்டுகளாக வார்த்து, எஃகு வடங்களால் இழுத்து இறுக்கிய பாலம் அது. பனியை உருக்கச் சாலையில் தூவிய உப்பு, நீருடன் துண்டுகளின் இணைப்புகளில் கசிந்து வடங்களை அரித்திருந்தது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. இத்தகைய வடங்களைக் காரைக்குழம்பு நிரப்பிய குழாய்களில் புதைத்துப் புதிய பாலம் கட்டுவதற்கே பிரிட்டனில் 1992-இல் தடை விதித்தனர், 1996-இல்தான் பகுதியளவில் நீக்கினர்.

வடம் உலோகக் குழாயினுள் இருப்பின், வெளியே வைத்த மின்கலம் அதன் நிலையை அறியாது. எனவே இந்நாளில் சில பாலங்களில் ஒலியுணர் கருவிகளைப் பொருத்தி, இரவு பகலாகக் காத்திருக்கின்றனர். இறுகிய வடத்தின் ஓர் இழை அறும்போது எழும் அதிர்வு ஒவ்வொரு கருவியையும் சற்று முன்பின்னாக அடைகிறது. அந்த நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு அறுந்த இடத்தைக் காண்கின்றனர். ஆயினும் கருவியைப் பொருத்துமுன் எத்தனை இழைகள் அறுந்தன என்பதை அது சொல்லமாட்டாது.