நாவலப்பிட்டியில் குறித்துக்கொண்ட பேச்சு

கண்டி மாநகரிலிருந்து வத்துகாமம் வழியாகப் பன்விலையைக் கடந்து நக்கிள்ஸ் மலைச்சாரலை நோக்கி ஏறுகின்ற பாதையிலே, மடுல்கலை என்னும் இடத்தை அடுத்து, ரெலுகாஸ் என்றொரு தேயிலைத் தோட்டம் உண்டு. லண்டனிலே பிறந்து அவுஸ்திரேலியாவிலே வளர்ந்த, இருபத்தைந்து பிராயமும் நிரம்பாத மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர், 1936-ஆம் ஆண்டில் சின்னத்துரை வேலை பழகுவதற்காக அங்கே வந்து சேர்ந்தார். வந்தவர், லயங்களிலே குடியிருந்த தமிழ்த் தொழிலாளரோடு துரைமார் பழகாத விதமாகப் பழகியதோடு நில்லாமல், தகராறு ஒன்றில் அவர்கள் பக்கமே நின்றபடியால் வேலையையும் இழந்தார்.

வேலை போன பின்னர், வழக்கம்போல் கப்பலேறிப் போய்விடுவார் என்று தோட்டத்துரைமார் எண்ணியிருக்கக் கூடும். அவரோ இடதுசாரிக் கட்சியாகிய லங்கா சமசமாஜக் கட்சியிலே சேர்ந்துகொண்டார். 1937 ஏப்ரல் 3-ஆம் தேதி நாவலப்பிட்டியிலே, ஏறக்குறைய இரண்டாயிரம் தோட்டத் தொழிலாளர் கூடியிருந்த கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயர் பிரசங்கம் செய்த அதே மேடையில், அக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான என்.எம்.பெரேரா பிரேஸ்கேர்டிலை அறிமுகம் செய்துவைத்தபோது, ஜனங்கள் "சாமி, சாமி" என்று ஆரவாரித்தார்கள். பொலிஸார் அவர் பேச்சைக் குறித்துக்கொண்டார்கள்.

மலைமேலிருக்கும் வெள்ளைப் பங்களாக்களையும் அவற்றிலே நடைபெறும் சுகவாழ்வையும் சுட்டிக்காட்டி அவர் பேசிய பேச்சு கடுமையானதுதான். அவுஸ்திரேலியாவிலேயே இளம் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்திருந்தவரின் அரசியலில் எனக்கு முழு உடன்பாடு உண்டென்று சொல்லவும் மாட்டேன். ஆனால், அந்தப் பேச்சுக்காக அவர் மீது எந்த நீதிமன்றத்திலும் குற்றம் சாட்டப்படவில்லை என்பதையே நாம் கவனிக்க வேண்டும். சாட்சியங்களை விசாரித்து, எதிர்வாதம் கேட்டு, தீர்ப்பளிக்கின்ற சிரமம் எதுவும் இல்லாமல், தேசாதிபதி சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ் 1896-ஆம் ஆண்டின் பழைய கட்டளை ஒன்றைத் தேடியெடுத்து, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேறும்படி ஏப்ரல் 22-ஆம் தேதி அவருக்கு உத்தரவு அனுப்பினார். அவர் வெளியேறவில்லை, தலைமறைவானார். மேடையிலே அவர் உதிர்த்த சொற்களையெல்லாம் எழுதி வைத்திருந்த சர்க்காருக்கு, ஆளைப் பல நாட்கள் கண்டுபிடிக்க முடியாமற் போயிற்று.

மே 5-ஆம் தேதி அரசாங்க சபையிலே தேசாதிபதி மீது கொண்டுவரப்பட்ட கண்டனத் தீர்மானம் 34-க்கு 7 வாக்குகளால் நிறைவேறிற்று. அன்றைக்கே காலிமுகத்திடலிலே கூடிய பெருங்கூட்டத்தின் நடுவே பிரேஸ்கேர்டில் திடீரென்று தோன்றினார். இரண்டொரு நாளில் புதுக்கடையிலே கைதானார். ஆட்கொணர்வு மனு உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. சிவில் வழக்குகளில் நிகரற்றவரென்று பெயர்பெற்ற எச்.வி.பெரேரா பணம் வாங்காமல் வாதாடினார்.

தேசாதிபதி அவசியமென்று கருதிவிட்டால் அந்தக் கருத்தை நீதிமன்றம் ஆராயலாகாது என்பதே அரசாங்கத் தரப்பின் வாதம். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஆபிரகாம்ஸும் உடனிருந்த இரு நீதியரசர்களும் மே 18-ஆம் தேதி அதை நிராகரித்தார்கள். யுத்தமோ பெருங்கலகமோ போன்ற நெருக்கடிக்கென்று அளிக்கப்பட்ட அதிகாரத்தை, அமைதியான காலத்திலே ஒருவருடைய பேச்சை அடக்குவதற்குப் பிரயோகிக்க முடியாதென்றும், ஒரு மனிதனுடைய சரீர சுதந்திரத்திலே கைவைக்கின்ற நிர்வாகி, தான் செய்தது சட்டத்துக்கு உட்பட்டதென்று நீதிமன்றத்தின் முன்னே காட்டியாக வேண்டுமென்றும் தீர்ப்பாயிற்று. பிரேஸ்கேர்டில் விடுதலையானார்.

அன்று "சாமி" என்று ஆரவாரித்தவர்களுக்கு இந்த நீதி எவ்வளவு தூரம் எட்டியது? தோட்டம் துரையின் தனிச்சொத்து. வெளியாள் ஒருவர் லயத்துக்குப் போய்ப் பேசுவதற்கே அனுமதி வேண்டும். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டையை அடுத்த மூலோயாத் தோட்டத்திலே வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிலே பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியபோது, அதைத் தடுத்து நிறுத்தும் தீர்ப்பு எதுவும் பிறக்கவில்லை.

நெருக்கடிக்கென்று இயற்றிய சட்டம் நெருக்கடி நீங்கிய பின்னும் அலுமாரியிலே கிடந்து வேறு காரியத்துக்குப் பயன்படுவது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய வியாதியன்று. அமெரிக்காவிலே 2001-ஆம் ஆண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு இயற்றப்பட்ட தேசபக்திச் சட்டத்தின் 215-ஆம் பிரிவைக் கொண்டு, சந்தேகத்துக்கு இடமில்லாத கோடிக்கணக்கான ஜனங்கள் யாரோடு எந்நேரம் எவ்வளவு நேரம் தொலைபேசினார்கள் என்ற விவரத்தைச் சர்க்கார் சேகரித்து வந்ததை 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தினார். சிவில் உரிமைக்காரர் தொடுத்த வழக்கிலே 2015 மே மாதம் நியூயார்க்கிலிருந்த மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பிரிவு இத்தகைய சேகரிப்புக்கு இடமளிக்கவில்லை என்று தீர்த்தது. கொழும்பிலே 1937-இல் கேட்கப்பட்ட கேள்வியும் அதுவே: சட்டம் கொடுத்த அதிகாரம் எது, நிர்வாகி எடுத்துக்கொண்ட அதிகாரம் எது?

நம்மிடத்திலோ 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், தற்காலிக ஏற்பாடாக மூன்று வருஷத்துக்கென்று வந்து, 1982-இல் நிரந்தரமாகி, வழக்கின்றியே மாதக்கணக்கில் மனிதரை அடைத்துவைக்க உதவி வந்திருக்கிறது.

2018 மார்ச் மாதம் இதே கண்டியிலே, திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையானபோது, அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, முகநூலையும் வாட்ஸ்அப்பையும் வைபரையும் சில நாட்கள் முடக்கியது. துவேஷப் பேச்சு அவற்றின் வழியே பரவியது உண்மையே. முகநூல் நிறுவனமே பின்னர் 2020-இல் அதற்காக வருத்தம் தெரிவித்தது. அந்த முடக்கத்தை முற்றாகக் கண்டிக்க என் மனம் ஒப்பவில்லை. ஆயினும், துவேஷம் பேசியவர்களை ஏற்கெனவே இருந்த சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்கு உரிய காலத்தில் கொண்டு போயிருந்தால், தன் உறவினர் உயிரோடிருக்கிறாரா என்று செய்தி அனுப்பித் தவித்த தாயின் வாயையும் அடைத்திருக்க வேண்டியதில்லை.

2024 ஜனவரியிலே பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க்கூற்று என்று பார்த்து நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை, ஜனாதிபதி நியமிக்கின்ற ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்றின் கையிலே கொடுத்திருக்கிறது. அந்த ஐவரின் கருத்தை நீதிமன்றம் ஆராயலாகாதென்று யாராவது ஒருநாள் வாதிட எழுவாராயின், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரேஸ்கேர்டில் வழக்கின் தீர்ப்பு புதிய சட்ட அறிக்கைகளின் (நியூ லோ ரிப்போர்ட்ஸ்) 39-ஆம் தொகுதியிலே அச்சிடப்பட்டிருக்கிறது.