தும்பை: சொல்லும் செடியும்



தும்பை என்றதும் தமிழ்க் கவிதைக்கு நினைவில் எழுவது வெண்மை ஒன்றே. வேட்டிக்கும் நரைக்கும் சோற்றுக்கும் உவமையாகி உவமையாகி அப்பூ தேய்ந்துவிட்டது. கவிதைகளில் தும்பை வருகிறது, செடி வருவதில்லை.

செடியோ காண்பதற்கு அரியதன்று. மழைக்குப் பின் தரிசிலும் வரப்போரத்திலும் முழங்கால் உயரத்துக்குள் தானே முளைத்து நிற்பது. அதன் தண்டு விரல்களுக்கிடையே உருளாது. நான்கு பட்டை உடையது. எதிரெதிராய் அமைந்த இலைகள் அடுத்த கணுவில் திசை மாறி நிற்கும். துளசிக்கும் புதினாவுக்கும் இதே இலக்கணம். மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். (கவிழ்தும்பை என்பது பெயரளவில்தான் தும்பை, குடும்பம் வேறு.) கணுவைச் சுற்றிப் பந்தாய்த் திரண்ட பச்சைப் புல்லிகளிலிருந்து பூ ஈருதடாய் வெளிப்படும். மேலுதடு சிறியது, பஞ்சு போன்ற மயிருடையது. மகரந்தத்தை மூடிக் காப்பது. கீழுதடு தேனீ வந்தமரப் பாய் விரிப்பது. மெல்ல இழுத்தால் பூ மட்டும் தனியே கையோடு வரும், அடிக்குழலில் துளித்தேன். சிற்றூர்ப் பிள்ளைகள் உறிஞ்சி அறிந்த சுவை அது. தாவரவியலார் சூட்டிய பெயர் ‘லியூகாஸ் ஆஸ்பெரா’. முதற்சொல் வெண்மையையும் அடுத்த சொல் சொரசொரப்பையும் குறிப்பன. கவிஞர்கள் முதற்சொல்லோடு நின்றுவிட்டார்கள்.

குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் கபிலர் தும்பையை அடுத்துத் துழாயை வைக்கிறார். குடும்ப உறவை அவர் அன்றே அறிந்தார் என்று பூரிக்க வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தது மோனை.

பழம்புலவர்களின் நுட்பம் புறத்திணையில் இருக்கிறது. வெட்சிக்கு நிரை, வஞ்சிக்கு மண், உழிஞைக்கு மதில். தும்பைக்கோ கைப்பற்ற ஒரு பொருளும் இல்லை; வலிமையை நிலைநாட்டுவதே நோக்கம். தொல்காப்பியர் அதற்குத் துறைகள் 12 வகுத்தார். உயிர் நீங்கிய பின்னும், தைத்த அம்பும் வேலும் தாங்க, நிலம் தீண்டாது நிற்கும் உடலை அத்திணையின் சிறப்பாகக் கூறினார். இரங்கலுக்குரிய நெய்தலின் புறனாகவும் அதையே வைத்தார். புறப்பொருள் வெண்பாமாலையில் வெட்சிக்குக் கரந்தையும் வஞ்சிக்குக் காஞ்சியும் உழிஞைக்கு நொச்சியும் எதிர் நிற்கின்றன. தும்பைக்கு எதிர்ப்பூ இல்லை. கொல்பவனுக்கும் கொல்லப்படுபவனுக்கும் ஒரே பூ.

தும்பையை வெற்றிப் பூவாக்கிப் பாடுவோர் இதை எண்ண வேண்டும். வெற்றிக்குரியது வாகை. தும்பை சூடியவனுக்கு முடிவு இன்னும் தெரியாது.

களைக்கொல்லி தெளித்த வரப்பில் மற்றக் களைகளோடு தும்பையும் கருகுகிறது. தெளிக்காத வரப்புகளும் உள்ளன. தும்பையைப் பாட விரும்பும் கவிஞர், மழைக்குப் பின் அங்கே சற்றுக் குனிந்து ஒரு தண்டை உருட்டிப் பார்க்கலாம்.