கன்றுவீச்சு நோயும் மனிதர்க்கு அதனால் வரும் சுரமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'மாடு' என்னும் சொல்லுக்கே செல்வமென்று பொருளுண்டு என்பதை யாம் வகுப்பிற் பலகாற் கற்பித்திருக்கின்றோம். அம்மாட்டினின்றே மனிதர்க்குத் தொற்றும் சுரமொன்று உண்டென்பதை மட்டும் யாமும் நெடுநாள் அறிந்திலேம். அறிய நேர்ந்தது எம் மைத்துனரால்.

அவருடைய தொழுவத்தில் ஏழாம் மாதச் சினைப்பசு ஒன்று கன்று வீசிற்று. அவர் தம் கையாலேயே கன்றைப் புறத்தே எறிந்து, இளங்கொடியை வழக்கப்படி வைக்கோலிற் பொதிந்து ஆலமரத்திலே தொங்கவிட்டு வந்தார். மூன்று வாரத்திற் சுரம் தொடங்கிற்று. மாலையில் ஏறும்; இரவில் உடை நனைய வியர்க்கும்; காலையில் தணியும். இடுப்பும் மூட்டுகளும் நொந்தன. மலேரியா என்றனர் சிலர். டைபாய்டு என்றனர் சிலர். நான்கு திங்கள் இங்ஙனம் கழிந்தன. பின்னர் வேறொரு மருத்துவர், “ஐயா, தங்கள் வீட்டில் மாடு உண்டா? கன்று வீசியதுண்டா?” என்று வினவினார். அவ்வொரு வினாவே நோயைக் காட்டிக் கொடுத்தது. இரத்தச் சோதனை அதனை உறுதி செய்தது.

இதனைப் புரூசெல்லா நோய் என்பர். மால்ட்டாத் தீவில் இச்சுரத்தால் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலினின்று ஆங்கிலப் படை மருத்துவர் டேவிட் புரூஸ் என்பார் கிருமியைப் பிரித்தெடுத்து 1887-ல் வெளியிட்டார். அஃது எங்கிருந்து வருகின்றதென்பது மேலும் பதினெட்டு ஆண்டுகள் புலப்படவில்லை. 1905-ல் அத்தீவினரான தெமிஸ்டாக்ளீஸ் சாமித் என்னும் மருத்துவர், வாயில்தோறும் ஓட்டிவந்து கறக்கப்பட்ட வெள்ளாடுகளே அதன் இருப்பிடமெனக் கண்டார். அவ்வாடுகளோ பார்வைக்கு நலமாகவே இருந்தன! 1906-ல் படையினர்க்கு ஆட்டுப்பால் விலக்கப்பட்டது. சுரமும் அவரிடையே விரைவில் அருகிற்று. பசுவின் கருவைச் சிதைக்கும் கிருமியை 1897-லேயே டென்மார்க்கில் பேங்கு என்பார் கண்டிருந்தார். இரண்டும் ஓரினமென 1918-ல் காட்டியவர் அமெரிக்க நாட்டு ஆலிஸ் எவான்ஸ் அம்மையார். ஒரு பெண்ணின் சொல்லை ஏற்க அறிஞர்க்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

காய்ச்சிய பாலில் இக்கிருமி உயிர்வாழாது. நம் இல்லங்களிற் பால் காய்ச்சியே உண்ணப்படுதலால் அவ்வழி அச்சம் குறைவு. கறந்த சூட்டோடு பருகுதல் உரமென்பார் கூற்றை யாம் ஒப்போம். நமக்குப் பெருவாயில் கையே. வீசிய கன்றிலும் இளங்கொடியிலும் ஒழுகும் நீரிலும் கிருமி மலிந்திருக்கும். கையிற் சிறு கீறல் போதும். கையுறையின்றித் தொடலாகாது, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும். மரத்திற் கட்டினால் நாயும் காக்கையும் இழுத்துப் பரப்பும். முன்னோர் வழக்கைக் குறைகூற எமக்கு நா எழவில்லை. ஆயினும் கன்று வீசிய இடத்தில் அதனை விடுதலே தக்கது.

நான்கு முதல் எட்டுத் திங்கள் அகவையுள்ள கிடாரிக் கன்றுகட்கு ஒருமுறை தடுப்பூசி இடும் திட்டத்தை மத்திய அரசு 2019-ல் நாடெங்கும் தொடங்கியது. சினைமாட்டுக்கும் காளைக்கன்றுக்கும் அவ்வூசி ஆகாது.

மைத்துனர் இருவகை மருந்தை ஆறு வாரம் உண்டு எழுந்தார். சுரம் நின்றதும் மருந்தை நிறுத்த முயன்றார். எம் தங்கை விடவில்லை. அப்பசுவுக்கும் நோயுண்டென்பது சோதனையில் தெரிந்தது. விற்றால் வாங்குவோர் தொழுவத்துக்கு நோய் செல்லும். ஆதலின், நல்ல விலைக்குக் கேட்டவரிடமும் உண்மையைச் சொல்லித் திருப்பியனுப்பி, அதனைத் தனியே கட்டித் தீனியிட்டு வருகின்றார்.